செமினிக்கு வந்த சாளக்கிராமம்

துணியில் மஞ்சள் கலந்த வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. சாமி மேடையில் சாளக்கிராமத்தைத் துடைத்துவிட்டு மடித்து வைக்கிற பருத்தித் துணி அது. சந்தனத் தூளோ விபூதியோ விழுந்திருக்கும் என்று உதறி வைத்துவிட்டேன். மறுவாரமும் இருந்தது. கல்லைக் கையில் எடுத்துத் திருப்பினேன். அதன் வாயோரத்தில், பொன்னாக மின்னுமே அந்த இடத்தில், சுவரில் உப்புப் பூத்ததுபோல மெல்லிய படலம். மூக்கருகே கொண்டுபோனால், தீக்குச்சியை உரசி அணைத்ததுபோல லேசான கந்தக வாடை.

அண்ணன் மகள் நிலவியல் படிக்கிறாள். சனிக்கிழமை காஜாங்கிலிருந்து வந்தவளிடம் காட்டினேன். கைபேசி விளக்கை அடித்து உள்ளே பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“சித்தப்பா, இது விபூதி இல்ல. கல்லு துருப்பிடிக்குது. நம்ம ஊரு ஈரக் காத்து இதுக்கு ஒத்துக்கல.”

எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய கல். கன்னங்கறுப்பு. ஆற்றில் உருண்டு உருண்டு வந்ததால் தோல் வழவழப்பாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் திறந்த வாய். வாய்க்குள் விளக்கொளி பட்டால் சுருள் சுருளாக வரிகள் தெரியும். வரிகளுக்கு நடுவே பொன்துகள். பாட்டி அதைச் சக்கரம் என்பார். பொன்னிறம் உள்ள கல்லை ஹிரண்யகர்ப்பம் என்றும் சொல்வதுண்டு. எழுபது வருடத்துக்கு மேலாக எங்கள் குடும்பத்தோடு இருக்கிற இந்தக் கல் எந்த வழியாக மலேசியாவில் நாங்கள் இருக்கும் செமினிக்கு வந்தது என்று அதன் பிறகுதான் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்த வழி பாட்டி சொல்லித் தெரியும். அதற்கு முந்தைய வழி பதினைந்து கோடி வருட நீளம்.

ஜுராசிக் காலம் முடியப்போகும் தறுவாய் அது. இந்தியா இப்போதிருக்கும் இடத்தில் இல்லை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே மடகாஸ்கர், அண்டார்ட்டிகா, ஆஸ்திரேலியாவோடு ஒட்டிக் கிடந்தது. இமயமலை என்று ஒன்று கிடையாது. மலை நிற்கிற இடமெல்லாம் தெத்திஸ் என்று நிலவியலார் அழைக்கும் கடல். அந்தக் கடலில் இந்தியாவின் வடக்குக் கரையை ஒட்டி ஓடு போட்ட ஓர் உயிர் நீந்திக்கொண்டிருந்தது. பசார் மாலாமில் சோத்தோங் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தக் கணவாயின் தூரத்து உறவு. அம்மோனைட் என்பது அதன் பொதுப்பெயர். ஆட்டுக்கடாவின் கொம்புபோலச் சுருண்ட ஓடு. வளர வளர ஓட்டின் வாய்ப்பக்கம் நகர்ந்து வந்து, பின்னால் ஒரு சுவரை எழுப்பி, காலியான அறையிலிருந்து மெல்லிய குழாய் வழியே நீரை வெளியேற்றும். காற்றடைந்த அந்த அறைகள்தாம் அதை மிதக்க வைத்தன. கடைசி அறையில் மட்டும் உடல் இருக்கும். எங்கள் கல்லின் வாய்க்குள் தெரியும் வரிகள் அந்த ஓட்டின் விலா வரிகள்.

அது செத்துக் கீழே இறங்கியது. இறங்கிய இடம் கறுப்புச் சேறு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சேற்றை நான் விளக்க வேண்டியதில்லை. ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் கழிவுநீர் ஓடும் கால்வாய் ஒன்று இருக்கும். மேலே சாம்பல் நிறத் தண்ணீர் அசையாமல் நிற்கும். குச்சியை விட்டுக் கிளறினால் கறுப்பு மை போலச் சேறு கிளம்பி, குமிழி குமிழியாக வெடித்து, அழுகின முட்டை நாற்றம் மூக்கில் ஏறும். சிறுவர்களாக நாங்கள் அதில் குச்சி விட்டு விளையாடி அடி வாங்கியிருக்கிறோம். ஒருமுறை அந்தச் சேற்றுக்குள்ளிருந்து ரப்பர் இலை ஒன்று வந்தது. மூன்று இதழும் அப்படியே, ஒவ்வொரு நரம்பும் அப்படியே, கறுப்புக் காகிதத்தில் வெட்டி எடுத்ததுபோல. கரையில் அதே மரத்தின் இலை ஒரு மாதத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும். கால்வாய்ச் சேற்றுக்குள் விழுந்தது எத்தனை மாதம் கிடந்ததோ, அழியவில்லை. அதைத் தின்னப் புழுவோ பூச்சியோ உள்ளே போக முடியவில்லை. மூச்சுவிட அங்கே ஆக்சிஜன் இல்லை.

தெத்திஸின் அடிச்சேற்றில் நடந்ததும் இதுதான். மேலே தண்ணீரில் உயிர்கள் நீந்தின. சேற்றுக்குள் ஆக்சிஜன் தீர்ந்திருந்தது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழத் தெரிந்த பாக்டீரியாக்கள் உண்டு. அவை கடல்நீரில் கரைந்திருக்கும் சல்பேட்டை வைத்துப் பிழைப்பு நடத்தும். அவற்றின் மூச்சுத்தான் அந்த முட்டை நாற்றம், ஹைட்ரஜன் சல்பைடு. சேற்றில் கரைந்த இரும்பும் இந்த வாயுவும் சேர்ந்தால் பைரைட் என்னும் கந்தக இரும்பு உண்டாகும். பித்தளைபோல மின்னும் தாது. செத்த உயிர் அழுகும் இடத்தைச் சுற்றியுள்ள நீரின் வேதியியலே மாறிப்போய், சேறு உருண்டையாக இறுகிக் கல்லாகும். மேலே அடுக்கடுக்காகப் படிந்த வண்டலின் பாரம் நசுக்குவதற்குள் உருண்டை கெட்டித்துவிட்டால் உள்ளே இருப்பது தட்டையாகாமல் தப்பிக்கும். ஓடு பின்னாளில் கரைந்துபோகலாம். அச்சு நிற்கும். எங்கள் கல்லில் நிற்கிறது.

ஒரு கால்வாயில், ஒரு கடலின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லாமல் போனால் ஓர் இலை மிஞ்சும், ஒரு சுருள் மிஞ்சும். கடல் முழுக்க அப்படி ஆனால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த உயிரின் முன்னோர்களே சாட்சி.

25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில், இன்றைய சைபீரியாவில் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு வழிந்தது. ஓரிரு வெடிப்போடு நிற்கவில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகள் வழிந்தது. போகிற வழியில் நிலக்கரிப் படுகைகளையும் சுட்டெரித்தது. காற்றில் கரியமிலவாயு ஏறி, பூமி சூடாகி, கடலும் சூடானது. சூடான நீரில் ஆக்சிஜன் நிற்காது. வெந்நீர் கொதிக்கத் தொடங்குமுன் பாத்திரத்தின் ஓரமெல்லாம் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டுமே, அது நீரைவிட்டு ஓடும் காற்று. அதோடு, மேல்தண்ணீர் சூடாகி லேசானால் கீழே உள்ள குளிர்ந்த நீரோடு கலக்காது. மேலே இருக்கிற காற்று அடிக்கு எட்டாது. 2018-இல் வாஷிங்டன், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் அந்தக் கடலை மறுபடி உருவாக்கிப் பார்த்து, ஆக்சிஜனில் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது என்று கணக்கிட்டார்கள். கடல்வாழ் இனங்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது அழிந்தன. ஏறத்தாழ 27 கோடி ஆண்டு கடலடியில் ஊர்ந்த ட்ரைலோபைட்டுகள் அடியோடு போயின. அம்மோனைட் குலத்தில் இரண்டொரு கிளைகள் மட்டும் தப்பின. தப்பிய கிளையிலிருந்து தழைத்த வம்சத்தில் வந்ததுதான் எங்கள் சாமி மேடையில் இருக்கும் உயிர்.

அந்தப் பேரழிவின் பக்கத்தைப் பாறையில் புரட்டிப் பார்க்கலாம். ஸ்ரீநகருக்கு வெளியே கோன்மோ அருகில் குர்யுல் பள்ளத்தாக்கு இருக்கிறது. கீழ் அடுக்குகளில் சிப்பியும் பாசிக்கொடி உயிரும் மண்டிக் கிடக்கும். சில அடி மேலே வந்தால் கறுத்த களிமண் பாறை. அதில் மெல்லிய ஓடுடைய சிப்பி வகை ஒன்றிரண்டுதான். உலகத்தின் பெர்மியன்-ட்ரயாசிக் எல்லைக்கு அடையாள இடமாக இதைத் தேர்ந்தெடுக்கலாமா என்று பேசப்பட்டது. கடைசியில் 2001-இல் சீனாவின் மெய்ஷானுக்கு அந்த இடம் போனது. குர்யுலைச் சுற்றிக் கல்லுடைக்கும் வேலை நடந்ததைப் படித்தபோது வயிறு எரிந்தது. பூமிக்கு ஒரே ஒரு முறை நேர்ந்த அளவிலான சாவின் பதிவேடு அது. சல்லிக்கும் சிமெண்டுக்கும் வேறு மலை கிடைக்கும்.

அதன்பின் 18 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மறுபடி ஒரு மூச்சுத்திணறல். தெற்கே கோண்டுவானாக் கண்டம் உடையத் தொடங்கி, ஆப்பிரிக்காவிலும் அண்டார்ட்டிகாவிலும் எரிமலைக் குழம்பு பாய்ந்த காலம். பெர்மியன் அளவுக்குப் பெரிய அழிவு இல்லை என்றாலும் கடலடிகள் கறுத்தன. அந்தக் கறுப்புச் சேறு ஜெர்மனியில் ஹோல்ட்ஸ்மாடன் என்ற சிற்றூரில் கல்லாக நிற்கிறது. அங்கே கிடைக்கும் படிமங்களின் படங்களைப் பார்த்துவிட்டு எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. டால்பின் போன்ற உருவம் கொண்ட கடல் ஊர்வன, இக்தியோசார்கள், எலும்போடு மட்டும் இல்லை, தோலின் விளிம்புக் கோட்டோடு பதிந்திருக்கின்றன. முதுகுத் துடுப்பு தெரிகிறது. வயிற்றில் குட்டிகளோடு செத்த தாய் தெரிகிறாள். கணவாய் இனங்களின் மைப்பைகூட மிஞ்சியிருக்கிறது.

ஆக்சிஜன் இல்லாததால்தான் இவை இப்படி மிஞ்சின, பொன்போல மின்னுவது பைரைட் என்று நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் உள்ளிட்ட ஆய்வுக்குழு ஒன்று அந்தப் படிமங்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 2023-இல் வேறு செய்தி சொன்னது. படிமங்களில் பெரும்பாலும் இருந்தவை பாஸ்பேட் தாதுக்கள். மஞ்சள் மின்னல் அங்கே பெரும்பாலும் கால்சைட்டால் வந்தது. பைரைட் சுற்றியிருந்த பாறையில்தான் நிறைய. ஆக்சிஜன் இல்லாத சேறு தின்னிகளை விரட்டி உடலைக் காத்தது உண்மை. ஆனால் அந்த உடலைக் கல்லாக மாற்றிய வேதியியலுக்கு இடையிடையே வந்துபோன ஆக்சிஜனும் வேண்டியிருந்தது. கதையைத் திருத்திக்கொள்ள அந்த அறிவியலாளர்கள் தயங்கவில்லை. அதனால் நானும் அண்ணன் மகளிடம் கேட்டு எங்கள் கல்லை மறுபடி பார்க்கச் சொன்னேன். “இதுல இருக்கிறது பைரைட்தான் சித்தப்பா. இல்லன்னா துரு வராது” என்றாள்.

மலேசியாவில் இப்படி ஏதும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. லங்காவியில் புலாவ் லங்குன் தீவின் பாறைகளில் 44 கோடி ஆண்டுக்கு முந்தைய முதல் பேரழிவுக் காலத்து ட்ரைலோபைட்டும், அதை ஒட்டிய காலத்துக் கறுப்புக் களிப்பாறையில் ரம்பப் பல் போன்ற கிராப்டோலைட் கோடுகளும் கிடைத்திருக்கின்றன. தைப்பூசத்துக்குப் படியேறுகிற பத்துமலையும் 40 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட கடலின் சுண்ணாம்புதான். ஆனால் பின்னாளில் பூமிக்கடியில் வெந்து பளிங்காக மாறியதால் அதிலிருந்த உயிர்களின் உருவங்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. அப்படி வேகவைத்த சூடு எது? செமினிக்குக் கிழக்கே நீலமாகத் தெரியும் தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல். 20 கோடி ஆண்டுக்கு முன், தெத்திஸுக்கும் மூத்த ஒரு கடல் மூடிக்கொண்டு இரு நிலங்கள் மோதியபோது உருகி எழுந்த பாறை அது. செமினி இருக்கும் நிலத்துண்டே ஆதியில் கோண்டுவானாவின் ஓரத்திலிருந்து பிரிந்து வடக்கே மிதந்து வந்தது. கல்லுக்கும் ஊருக்கும் பழைய பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றியது இதைப் படித்தபோதுதான்.

கல்லின் கதைக்கே வருகிறேன். சேற்றில் புதைந்தபிறகு பத்துக் கோடி ஆண்டுகள் அது அசையவில்லை. அதற்குள் மேலே உலகம் மாறியது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த பேரழிவில் அம்மோனைட் குலமே முடிந்தது. கணவாய் தப்பியது, ஓடுடைய நாட்டிலஸ் தப்பியது, அம்மோனைட் தப்பவில்லை. இந்தியா தனியாகப் பிரிந்து வடக்கே வந்து ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவை முட்டியது. கடல் மூடியது. அடிச்சேறு மடிந்து, எழுந்து, மலையாயிற்று. தௌலாகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் இடையே, எட்டாயிரம் மீட்டர் தாண்டிய இரு சிகரங்களுக்கு நடுவில், மலையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது காளி கண்டகி. மேலே முஸ்தாங் பக்கம் கறுப்புக் களிப்பாறை உதிர்ந்து விழுகிறது. களி கரைந்து ஆற்றோடு போக, உள்ளிருந்த கெட்டி உருண்டைகள் மிஞ்சி உருண்டு வருகின்றன. அந்த உருண்டைதான் சாளக்கிராமம்.

பக்தர்கள் 3,700 மீட்டருக்கு மேல் ஏறி முக்திநாத்தைக் கும்பிடுகிறார்கள். 108 திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் என்று சொல்லப்படும் தலம் அது. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடியது. வஜ்ரகீடம் என்ற புழு கல்லைக் குடைந்து சக்கரத்தை வரைகிறது என்று புராணம் சொல்லும். ஓர் உயிர்தான் இந்தச் சுருளைச் செய்தது என்பதை அந்த மரபு கண்டுகொண்டிருக்கிறது. உயிரின் பெயரும் காலமும் வேறு. கல்லைக் கையில் வைத்து உற்றுப் பார்த்தவர்கள் சொன்ன சொல் அது. திருவனந்தபுரம் பத்மநாபரின் திருமேனி 12,008 சாளக்கிராமங்களால் ஆனது என்பது மரபு. அத்தனை கல்லும் கண்டகியிலிருந்து தெற்கே வந்தாக வேண்டும். அத்தனையும் தெத்திஸின் சேறு.

நிலவியலார் இந்தப் பாறைக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார்கள். மொராவியாவில் 1838-இல் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1862-இல் கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். இமயத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் நடந்து திரிந்து அங்குள்ள கறுப்புக் களிப்பாறைக்கு ஸ்பிதி ஷேல் என்று பெயரிட்டார். நேபாளத்துச் சாளக்கிராமப் பாறையும் அதே வரிசையைச் சேர்ந்தது. நம் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து அம்மோனைட்டுகளைத் தடித்த நூல்களில் வரைந்து விவரித்தவரும் இவரே. அந்தத் தென்னாட்டுப் பாறைகளை அவருக்கு முன் அளந்து எழுதிய ஹென்றி ஃபிரான்சிஸ் பிளான்ஃபர்ட் ஸ்பிதியின் படிமங்களையும் ஆராய்ந்தவர். சாளக்கிராமத்தில் அடிக்கடி காணப்படும் அம்மோனைட் பேரினம் ஒன்றுக்கு பிளான்ஃபர்டிசெராஸ் என்று பெயர். ஸ்டோலிச்கா பினாங்குக்கும் வந்து அங்குள்ள நில நத்தைகளைப் பற்றி எழுதினார் என்று படித்தபோது எனக்கு ஒரு நெருக்கம் உண்டானது. ஸ்பிதி, அரியலூர், பினாங்கு என்ற மூன்று இடத்துச் சிப்பியையும் நத்தையையும் ஒரே மனிதர் ஆராய்ந்திருக்கிறார். 1874-இல் லடாக்கில் முர்கோ என்ற இடத்தில் மலைநோயால் இறந்தார். வயது 36. லே நகரில் கல்லறை.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் செம்மண்ணும் சாம்பலும் கலந்த களிமேடுகள் இருக்கின்றன. 9 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்கள் மறுபடி ஆக்சிஜன் இழந்த காலத்தைத் தாண்டிப் படிந்த களி அது. அரியலூர் வாரணவாசியில் அருங்காட்சியகமும் உண்டு. ஊருக்குப் போகிறவர்கள் கோயில் பார்த்துத் திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் அங்கே நிற்கலாம். எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் நின்றதில்லை. நானும் நின்றதில்லை. அடுத்த முறை நிற்பேன்.

கண்டகிக் கரையிலிருந்து எங்கள் கல் எப்படித் தஞ்சாவூர்ப் பக்கம் வந்தது என்பதற்கு வீட்டில் சொல்லிவந்த கதை ஒன்றே ஒன்று. காசிக்குப் போன பாட்டியின் தாத்தாவுக்கு யாரோ ஒரு சாது கொடுத்தது. காசு வாங்கவில்லை. சாளக்கிராமத்தை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது, கொடுக்கத்தான் வேண்டும் என்பது பாட்டி பிடிவாதமாகச் சொல்லும் முறை. பாட்டி கல்யாணமாகி இங்கே வந்தபோது அவருடைய அம்மா பட்டுத்துணியில் சுற்றிப் பித்தளைச் சம்படத்தில் போட்டுக் கொடுத்தார். தாத்தா அப்போது செமினிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணி.

நாகப்பட்டினத்தில் ஏறியது ரஜூலா கப்பல். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடியது. இங்குள்ள பாதிக் குடும்பங்களுக்கு அதில் வந்த ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார். ஏறத்தாழ ஒரு வாரம், கீழ்த்தட்டில், வாந்தியும் எண்ணெய்ப் புகையுமாக. பாட்டி சம்படத்தை மடியிலிருந்து இறக்கவில்லையாம். பினாங்கில் நின்று, போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இப்போதைய கிள்ளான் துறைமுகத்தில், இறங்கினார்.

அவர் கடந்து வந்த வங்காள விரிகுடாவைப் பற்றி இப்போது தெரிந்ததைச் சொல்ல வேண்டும். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீர் கடலின் மேல் லேசான போர்வையாக மிதக்கிறது. அதனால் மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் சரியாகக் கலப்பதில்லை. நூறு மீட்டருக்குக் கீழே போனால் ஆக்சிஜன் சரசரவென்று குறைகிறது. வடக்கே போகப்போகக் கடுமை. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் ஐரோப்பிய ஆய்வாளர்களும் அளந்து 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, விரிகுடாவில் ஏறத்தாழ 60,000 சதுர கிலோமீட்டர் பரப்பின் ஆழத்தில் ஆக்சிஜன் அநேகமாக இல்லை. சிலாங்கூரைப் போல ஏழு மடங்குக்கு மேல். காற்றோடு கலந்த மேல்தண்ணீரில் இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போன்ற சுவடுதான் மிச்சம். அந்தச் சுவடும் போய்விட்டால், உயிருக்கு உரமாக இருக்கும் நைட்ரஜனை அங்குள்ள நுண்ணுயிர்கள் வாயுவாக்கி வெளியேற்றத் தொடங்கும்.

உலகக் கடல்கள் முழுவதையும் சேர்த்தால் 1960 முதல் ஆக்சிஜனில் 2 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2017-இல் ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பெர்மியனில் போனது முக்கால் பங்கு. இரண்டும் ஒன்றாகாது. ஆனால் அன்று எரிமலைகள் நிலக்கரியை எரித்தன, இன்று நாம் எரிக்கிறோம். கடலுக்குள் காற்று இறங்காமல் போகும் விதம் அன்றும் இன்றும் ஒன்றே.

பாட்டிக்கு இதெல்லாம் தெரியாது. சாளக்கிராமம் பிறந்த கண்டகி சோன்பூரில் கங்கையில் விழுந்து, கங்கையோடு அதே விரிகுடாவில்தான் முடிகிறது என்பது மட்டும் தெரியும். “சாமி ஆத்து வழியா வராம கடல் வழியா வந்துருச்சு” என்பார். இமயத்தின் கறுப்புக் களிமண் அரைபட்டு அந்த ஆற்றோடு போய் விரிகுடாவின் அடியில் மறுபடி சேறாகப் படிகிறது. கடலடியில் மூவாயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு அந்த வண்டல் விரிந்து கிடக்கிறது. கல்லின் உடன்பிறப்புகள் தூளாகி, தாங்கள் பிறந்தது போன்ற சேற்றுக்கே திரும்பிவிட்டன. எங்கள் கல் மட்டும் அவற்றுக்கு மேலே, ஒரு பெண்ணின் மடியில், கிழக்கே போனது.

செமினி வந்தபின் கல் அதிகம் நகரவில்லை. லயத்து வீட்டில் ஒரு மாடம், பிறகு கிராணி வீட்டு மரப்பெட்டி. ரப்பர் வெட்டிச் செம்பனை நட்டார்கள், பிறகு செம்பனையை வெட்டி வீடு கட்டினார்கள். தோட்டம் கலைந்து தாமானுக்கு வந்தோம். 2016-இல் செமினி ஆற்றில் துர்நாற்றக் கழிவு கலந்து நீர்ச் சுத்திகரிப்பு நின்று, ஊரெல்லாம் குழாய் வறண்ட நாட்களில் அம்மா மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கல்லுக்குத் திருமஞ்சனம் செய்தார். பாட்டி இருந்தவரைக்கும் கல் சம்படத்துக்குள், பட்டுத்துணிக்குள் இருந்தது. ஏகாதசிக்கு மட்டும் எடுப்பார். ஒரு கரண்டித் தண்ணீர், துளசி, உடனே துடைத்து, விளக்கருகே வைத்து உலர்த்தி, மூடிவிடுவார். அவர் போனபிறகு, இவ்வளவு அழகான கல்லை ஏன் பூட்டி வைக்க வேண்டும் என்று நான்தான் எடுத்துத் திறந்த மேடையில் வெள்ளித் தட்டில் வைத்தேன். அன்றாடம் ஒரு செம்பு தண்ணீர். துடைத்தும் துடைக்காமலும் விட்ட நாட்கள் உண்டு.

பைரைட்டுக்கு ஈரக்காற்று ஆகாது. ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து பட்டால் அது கந்தக அமிலமாகவும் இரும்பு உப்பாகவும் உடையும். மஞ்சள் வெள்ளைப் பொடி அந்த உப்பு. அமிலம் கல்லையே உள்ளிருந்து அரிக்கும். உலகத்து அருங்காட்சியகங்களில் இதனால் பொடிந்துபோன படிமங்கள் ஏராளம். அங்கே காற்றின் ஈரத்தைப் பாதிக்கும் கீழே இறக்கி வைக்கிறார்கள். செமினியில் மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பதினைந்து கோடி ஆண்டு காத்திருந்த பொன்னை, ஆறேழு வருடத்தில் என் தட்டும் தண்ணீரும் தின்னத் தொடங்கியிருந்தன.

அண்ணன் மகள் மென்மையான தூரிகையால் பொடியைத் தட்டி எடுத்தாள். இரண்டு நாள் விசிறிக்கு எதிரே காயவைத்தாள். பாட்டியின் சம்படத்தைத் தேடி எடுத்துத் துலக்கி, புதுப் பட்டுத்துணியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் வைத்து மூடினோம். தண்ணீருக்குப் பதில் இப்போது துளசி மட்டும். கோயில் அர்ச்சகரிடமும் கேட்டுக்கொண்டேன். மனசார வைக்கிற துளசி போதும் என்றார்.

மலேசியாவில் எத்தனை வீடுகளில் சாளக்கிராமம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கப்பலில் வந்த கல், காசிக்குப் போனவர் கொண்டுவந்த கல், பெரியவர் தந்த கல் என்று எங்காவது ஒரு மாடத்தில் இருக்கும். அடுத்த ஏகாதசிக்கு அதை எடுத்து வெளிச்சத்தில் வாய்ப்பக்கம் பாருங்கள். பொன்னிறம் இருந்தால் உடனே துடைத்து உலர்த்தி மூடி வையுங்கள். மஞ்சள் பொடி இருந்தால் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கல்லோடு வையுங்கள். எங்கள் சம்படத்துக்குள் அந்தத் தாள் இப்போது இருக்கிறது. முதல் வரியில் தெத்திஸ் கடல் என்று எழுதியிருக்கிறேன்.